மெழுகுதிரிக்கு எந்த வாசனை?

கொழும்பு முகத்துவாரத்துக்குப் பக்கத்தில்தான் கொச்சிக்கடை அந்தோனியார் கோயில். செவ்வாய்க்கிழமை என்றால் அங்கே மெழுகுதிரி வெளிச்சந்தான். வீட்டில் வாசனை மெழுகுதிரி வார்ப்பவர்களுக்கு இன்று ஒரு தகவல்.

கேக்குக்கு விடும் வனிலா எசன்ஸ் மெழுகில் கலக்காது.

எசன்ஸில் இருப்பது தண்ணீரும் மதுசாரமும். மெழுகோ எண்ணெய் இனம். குழம்பின் மேல் எண்ணெய் மிதப்பதுபோல் இரண்டும் பிரிந்து நிற்கும். கொளுத்தினால் திரி படபடவென்று பொரியும்.

நம் நாட்டுக் கறுவா இலை எண்ணெய் மெழுகில் நன்றாகக் கரையும். 100 கிராம் மெழுகுக்கு 3 கிராமே போதும். கூடினால் நெடி ஏறும்.

மெழுகையும் பார்த்து வாங்குங்கள். சோயா மெழுகு இளகியது, கொழும்பு வெக்கைக்குக் கண்ணாடிக் குவளையில் வார்ப்பதே நல்லது. தனியே நிற்கும் மெழுகுதிரிக்குக் கட்டியான பரஃபின்.

கடையில் எண்ணெயில் கரையும் வாசனையா என்று கேளுங்கள். எசன்ஸ் வேண்டாம்.