மாட்டின் கண்ணால் பார்த்தவர்

ஓட்டிசம் உள்ளவர்களுக்குப் பிறர் உள்ளம் புரியாதென்பார்கள். 1995இல் வெளிவந்த, அமெரிக்கரான ரெம்பிள் கிராண்டினின் 'திங்கிங் இன் பிக்சர்ஸ்' நூலைப் படித்தபின் அதை நான் ஏற்பதற்கில்லை. ஓட்டிசத்துடன் வளர்ந்த இவர் படங்களாகவே சிந்திப்பவர். விலங்குகளும் அவ்வாறே என்கிறார். மாடுகள் ஒடுங்கிய நடைவழியில் மிரண்டு நிற்பதேன் என்றறிய, அவற்றின் கண்மட்டத்துக்குக் குனிந்து தாமே அவ்வழியால் போய்ப் பார்த்தார். தொங்கும் சங்கிலி, வேலியில் யாரோ போட்ட சட்டை, தரையில் விழும் நிழல் – மற்றவர் கவனிக்காதவை இவர் கண்ணிற் பட்டன.

மனிதர் தழுவினால் இவருக்கு அக்காலத்தில் தாங்காது. ஊசி போடுகையில் மாட்டை இருபுறமும் அழுத்திப் பிடிக்கும் பொறியை உறவினர் பண்ணையிற் கண்டு, 18 வயதில் தமக்கும் ஒன்று செய்துகொண்டார். அந்த அணைப்பு அமைதி தந்தது.

இத்தனை அறிந்தவர் வடிவமைத்தவை மாடறுக்கும் மடுவங்கள்! எனக்குக் கசப்பாகத்தான் இருக்கிறது. அவரோ அதை மறைக்கவில்லை. அவர் வரைந்த வளைந்த வழிகளில், மாடு தன் கடைசி நடையை அதிகம் மிரளாமல் நடக்கிறது.