மடிக்கணினித் திரையைத் துடைக்கும் முறை



2020-இல் பள்ளிகள் மூடப்பட்டபோது, மடிக்கணினியே நம் பிள்ளைகளுக்கு வகுப்பறையாயிற்று. அந்நாளில் என் மாணவி ஒருத்தியின் தாயார், திரையில் படிந்த கைரேகையைப் போக்க, சன்னல் கண்ணாடி துடைக்கும் திரவத்தை அதன்மேல் நேரே தெளித்துவிட்டார். அது விளிம்பு வழியே உள்ளே இறங்கிற்று, திரை இருண்டது, பிள்ளையின் பாடமும் நின்றது.

பழைய தொலைக்காட்சியின் முகம் தடித்த கண்ணாடி. மடிக்கணினித் திரையோ மெல்லியது. அதன்மேல் நுண்ணிய பூச்சும் உண்டு. அம்மோனியா கலந்த திரவமும் மண்ணெண்ணெயும் அதற்கு ஆகா.

முதலில் கணினியை அணைத்து, மின் இணைப்பைக் கழற்றி, சூடு ஆறவிடுங்கள். மூக்குக் கண்ணாடி துடைக்கும் மென்துணியால் மெல்லத் துடையுங்கள். காகிதமும் முரட்டுத் துணியும் கீறிவிடும். கறை போகாவிட்டால், துணியின் ஓரத்தை மட்டும் சுத்தமான நீரில் நனைத்து, நன்றாகப் பிழிந்து துடையுங்கள். ஈரம் முற்றும் உலர்ந்த பிறகே கணினியைத் திறந்து இயக்குங்கள்.

அழுத்தவே கூடாது. மரத்துக்குக் காயம் படாமல் பட்டை சீவிப் பழகிய கைகள் நம்முடையவை. அந்தக் கைப்பக்குவமே இதற்கும் வேண்டும். துணி சில வெள்ளிதான். திரையை மாற்றுவதற்கோ நூற்றுக்கணக்கில் வெள்ளி வேண்டும்.