72 பேருக்கு ஒரு வகுப்பறை



அரசு உயர்நிலைப் பள்ளிகளில் இட நெருக்கடியைக் குறைக்க ஊர் மக்களால் என்ன செய்ய முடியும் என்று வானொலி நிலையத்தார் பேசச் சொல்லியிருக்கிறார்கள். நான் கணக்கு வாத்தியாராக இருந்து தலைமையாசிரியராக ஓய்வு பெற்றவன். அதனால் ஒரு கணக்கிலிருந்தே தொடங்குகிறேன்.

நம் அரசுப் பள்ளிகளில் வழக்கமாகப் பார்க்கிற வகுப்பறை 20க்கு 20 அடி. அதாவது 400 சதுர அடி. ஒரு பிள்ளைக்குப் பத்துச் சதுர அடி என்று வைத்தால் 40 பேர் உட்காரலாம். நான் வேலை பார்த்த பள்ளியில் ஒன்பதாம் வகுப்பில் ஒரு பிரிவுக்கு 72 பேர். 400ஐ 72ஆல் வகுத்துப் பாருங்கள். ஐந்தரைச் சதுர அடி வரும். காலையில் படித்தீர்களே நாளிதழ், அதை முழுதாக விரித்தால் அதைவிடச் சற்றுக் கூடுதலான இடம், அவ்வளவுதான். பிள்ளை, பை, சாப்பாட்டுத் தூக்கு எல்லாம் அதற்குள் அடங்க வேண்டும். ஆசிரியர் நிற்கிற இடத்தையும் அதிலிருந்துதான் கழிக்க வேண்டும். கடைசி பெஞ்சுக்கு நடந்து போய் நோட்டுத் திருத்த வழியே கிடையாது. நோட்டுதான் கை மாறிக் கை மாறி முன்னால் வரும்.

இந்தக் கூட்டம் திடீரென்று எப்படி வந்தது என்று கேட்கலாம். 2021இல் கொரோனா முடக்கத்தால் வருமானம் போன குடும்பங்கள், தனியார் பள்ளிக் கட்டணம் கட்ட முடியாமல் பிள்ளைகளை அரசுப் பள்ளிக்கு அழைத்து வந்தன. அதற்கு முந்தைய ஆண்டுதான் அரசுப் பள்ளி மாணவர்களுக்கு மருத்துவப் படிப்பில் 7.5 சதவீத உள் ஒதுக்கீடு வந்திருந்தது. அதுவும் ஒரு ஈர்ப்பு. அதே 2021 டிசம்பரில் திருநெல்வேலியில் ஒரு பள்ளியின் கழிப்பறைச் சுவர் இடிந்து மாணவர்கள் மூவர் இறந்தார்கள். உடனே மாநிலம் முழுக்கப் பழுதான பள்ளிக் கட்டடங்களை இடிக்க உத்தரவு வந்தது. இடித்தது சரியான முடிவு, அதில் எனக்கு இரண்டாவது கருத்து இல்லை. ஆனால் பிள்ளைகள் கூடுகிற காலத்தில் அறைகள் குறைந்தன. பல ஊர்களில் வகுப்பு மரத்தடிக்குப் போனது.

எங்கள் பள்ளியிலும் இரண்டு ஓட்டுக் கட்டடங்கள் போயின. பள்ளி மேலாண்மைக் குழுவைக் கூட்டினோம். நால்வரில் மூவர் பெற்றோராகவும் குறைந்தது பாதிப்பேர் பெண்களாகவும் இருக்க வேண்டும் என்பது இந்தக் குழுவுக்கு உள்ள விதி. எங்கள் தலைவி பனியன் கம்பெனியில் கைமடி வேலை செய்கிற அம்மா. வந்தவர்கள் எல்லாம் புதுக் கட்டடம், எம்.எல்.ஏ. நிதி என்று பேசிக்கொண்டிருந்தார்கள். அந்த அம்மா மட்டும் ஜன்னல் வழியாகப் பார்த்துக்கொண்டே இருந்துவிட்டுக் கேட்டார்: "ஏனுங்க சார், அந்தக் கோடி ரூமு எதுக்குங்க பூட்டியே கெடக்குது?"

நேயர்களே, இன்றைக்கு என் பேச்சின் முக்கால் பங்கு இந்த அறைதான். உங்கள் ஊர்ப் பள்ளியிலும் இப்படி ஒன்று இருக்கும், போய்ப் பாருங்கள்.

உள்ளே என்ன இருந்தது? கால் உடைந்த பெஞ்சுகள் கூரை வரைக்கும். பழைய தையல் மெஷின்கள். கரையான் அரித்த விடைத்தாள் கட்டுகள். துருப்பிடித்த தராசு. பள்ளி ஒலிபரப்பு கேட்பதற்காக எந்தக் காலத்திலோ வாங்கிய வால்வு ரேடியோப் பெட்டி ஒன்றுகூட இருந்தது. வானொலி நிலையத்தில் உட்கார்ந்துகொண்டு அதைச் சொல்லாமல் விட மனம் வரவில்லை!

இதையெல்லாம் ஏன் யாரும் தூக்கிப் போடவில்லை? சோம்பல் என்று நினைத்துவிடாதீர்கள். காரணம் பயம். அந்தப் பெஞ்சுகள் இருப்புப் பதிவேட்டில் ஏறியவை. உடைந்திருந்தாலும் அவை அரசுச் சொத்து. நாளை தணிக்கைக்கு வருகிறவர், "நாற்பது பெஞ்சு எங்கே?" என்று கேட்டால் தலைமையாசிரியர் பதில் சொல்ல வேண்டும். ஆகவே ஒவ்வொரு தலைமையாசிரியரும் மாற்றலாகிப் போகும்போது பொறுப்புப் பட்டியலில் கையெழுத்துப் போட்டுச் சாவியை அடுத்தவரிடம் கொடுத்துவிட்டுப் போவார். அறை பூட்டியே இருக்கும். பக்கத்து அறையில் 72 பேர் நெருக்கியடித்துக்கொண்டு இருப்பார்கள்.

இதற்கு முறையான வழி உண்டு. எங்கள் பேச்சில் 'கண்டம் பண்ணுவது' என்போம். பயன்படாத பொருள்களைப் பட்டியல் எடுத்து, குழுவில் தீர்மானம் போட்டு, மேலதிகாரிக்கு அனுப்பி, அனுமதி வாங்கி, ஏலம் விட்டு, பணத்தைக் கணக்கில் கட்டிவிட்டுப் பதிவேட்டில் கழித்து எழுத வேண்டும். எழுதும்போது எளிது, நடத்தும்போது அலைச்சல். தனி ஆளாக ஒரு தலைமையாசிரியர் இதைத் தொடங்கத் தயங்குவார். முதுகுக்குப் பின்னால் பெற்றோர் கையெழுத்து இருந்தால் தைரியம் வரும். எனக்கு வந்தது. பட்டியல் எடுக்க வந்த அம்மாக்கள் ஒவ்வொரு பெஞ்சையும் வெளியே இழுத்துப் போட்டு எண்ணினார்கள். இடையில் தச்சு வேலை செய்கிற ஒரு அப்பா, "சார், இதுல பாதிய ரெடி பண்ணிடலாமுங்க, ரெண்டு ஒடசல ஒண்ணு சேத்தா ஒரு பெஞ்சு" என்றார். அப்படியே செய்தார். கூலி வாங்கவில்லை. ஆணிக்கும் வார்னிஷுக்கும் மட்டும் காசு கொடுத்தோம்.

இன்னொரு அறையில் வட்டாரத்துப் பள்ளிகளுக்கெல்லாம் போக வேண்டிய பாடநூல் கட்டுகள் அடுக்கியிருந்தன. ஜூனில் வந்து இறங்கும். எல்லாப் பள்ளிக்கும் போய்ச் சேர்வதற்குள் ஒரு பருவம் ஓடிவிடும். ஊரில் அரிசி ஆலை வைத்திருப்பவர், எங்கள் பழைய மாணவர், அவருடைய கிட்டங்கியில் ஒரு மூலையைக் கொடுத்தார். எலி வராமல் பார்த்துக்கொள்வது அவர் பொறுப்பு என்று சிரித்துக்கொண்டே எழுதிக் கொடுத்தார். ஒரு செங்கல் வைக்காமல் இரண்டு வகுப்பறை கிடைத்தது. 72 என்பது 50க்குச் சற்று மேல் என்று இறங்கியது. நாற்பது ஆகவில்லைதான். ஆனால் நான் கடைசி பெஞ்சு வரை நடந்து போனேன்.

இதற்குப் பிறகுதான் புதுக் கட்டடப் பேச்சு. இங்கே ஒரு விஷயம் கவனித்தேன். பூட்டிய அறையைத் திறந்து காட்டிய பிறகு நன்கொடை கேட்கப் போனால் யாரும் முகம் சுளிக்கவில்லை. இருக்கிறதை இவர்கள் வீணாக்கவில்லை என்று ஊருக்குத் தெரிந்துவிட்டது.

பணத்துக்கு வழி என்ன? 'நமக்கு நாமே' திட்டம் 1997–98இல் வந்தது. நடுவில் 2011இலிருந்து 'தன்னிறைவுத் திட்டம்' என்ற பெயரில் நடந்தது. 2021இல் பழைய பெயரிலேயே திரும்பியது. வேலையின் மதிப்பில் மூன்றில் ஒரு பங்கை மக்கள் கட்டினால் மீதியை அரசு போடும். ஆதிதிராவிடர், பழங்குடியினர் வசிக்கும் பகுதி என்றால் ஐந்தில் ஒரு பங்கே போதும். இந்தக் கடைசி விவரம் பலருக்குத் தெரிவதில்லை, குறித்துக்கொள்ளுங்கள். இது தவிர 2022இல் தொடங்கிய 'நம்ம ஸ்கூல் நம்ம ஊரு பள்ளி' திட்டம் வழியாகப் பழைய மாணவர்கள் எந்த நாட்டில் இருந்தாலும் தம் பள்ளிக்கு உதவலாம்.

'நமக்கு நாமே' வழியைப் பெரிய அளவில் செய்து காட்டிய ஊர் திருப்பூர். ஜெய்வாபாய் மகளிர் மேல்நிலைப் பள்ளியில் மாணவிகள் ஒரு காலத்தில் ஐயாயிரத்தைத் தாண்டினார்கள். சேர வருகிற பெண் பிள்ளைகளைத் திருப்பி அனுப்ப மனமில்லாமல், பெற்றோர் ஆசிரியர் கழகமும் பனியன் தொழில்காரர்களும் பங்குத் தொகை திரட்டி, 'நமக்கு நாமே' மூலம் வகுப்பறைகளைக் கூட்டிக்கொண்டே போனார்கள்.

பணம் மட்டுமல்ல, நிலமும் வேண்டும். எட்டாம் வகுப்பு முடித்த பிள்ளைகள் எல்லாம் பக்கத்து ஊர் உயர்நிலைப் பள்ளியில் போய்க் குவிவதற்கு ஒரு காரணம், சொந்த ஊரின் நடுநிலைப் பள்ளியைத் தரம் உயர்த்த இடம் இல்லாததுதான். மதுரை கொடிக்குளத்தில் இதற்கு 2024 ஜனவரியில் விடை கிடைத்தது. வங்கி ஊழியரான ஆயி பூரணம் அம்மாள், மறைந்த தம் மகள் ஜனனியின் நினைவாக, 1 ஏக்கர் 52 சென்ட் நிலத்தை அந்த ஊர்ப் பள்ளிக்கு எழுதிக் கொடுத்தார். மதிப்பு ஏறத்தாழ 7 கோடி ரூபாய். அந்த ஆண்டு குடியரசு நாள் விழாவில் அரசு அவருக்குச் சிறப்பு விருது கொடுத்தது.

ஊரார் பள்ளிக்குக் கொடுப்பது நம் மண்ணுக்குப் புதிதும் அல்ல. காமராசர் முதலமைச்சராக இருந்தபோது, கல்வி இயக்குநர் நெ. து. சுந்தரவடிவேலு முன்னின்று பள்ளிச் சீரமைப்பு மாநாடுகள் நடத்தினார். 1958இல் கடம்பத்தூரில் முதல் மாநாடு. ஊரார் பெஞ்சு, கரும்பலகை, நிலம், கட்டடம் என்று கொண்டுவந்து கொடுத்தார்கள். அதைப் பற்றித் தனியாகவே ஒரு உரை பேச வேண்டும். கொடுத்த நேரத்தில் பெரும் பகுதியைப் பூட்டிய அறைக்குள்ளேயே செலவழித்துவிட்டேன்.

ஒன்றை மட்டும் சொல்லிவிடுகிறேன். அறை கூடினால் பிரிவு கூடும், பிரிவு கூடினால் ஆசிரியர் வேண்டும். ஆகஸ்ட் முதல் தேதி மாணவர் எண்ணிக்கையை வைத்துத்தான் பணியிடம் நிர்ணயிக்கிறார்கள். புது ஆசிரியர் வந்து சேரும்வரை பெற்றோர் ஆசிரியர் கழகம் தற்காலிக ஆசிரியரைப் போட்டுச் சமாளிக்கிறது. பல ஊர்களில் அவர்களுக்குக் கொடுக்கிற சம்பளம் சொல்லவே கூச்சமான தொகை. ஆசிரியரைப் போட வேண்டியது அரசின் கடமை. அந்தச் சுமையை ஊரின் தலையில் வைப்பது நியாயமில்லை.

நேயர்களே, உங்கள் ஊர்ப் பள்ளி மேலாண்மைக் குழுவின் அடுத்த கூட்டம் என்றைக்கு என்று கேட்டுத் தெரிந்துகொண்டு போங்கள். பயன்படாமல் பூட்டியிருக்கும் அறை எத்தனை, ஆகஸ்ட் முதல் தேதிக் கணக்கில் பிள்ளைகள் எத்தனை பேர் என்று கேளுங்கள். கிடைத்த பதிலைத் தீர்மானப் பதிவேட்டில் எழுதச் சொல்லிக் கையெழுத்துப் போட்டுவிட்டு வாருங்கள்.