கோடைக்கு ஊறுகாய்ப் புல்

கார்த்திகை மாதத்தில் மாட்டுக்குத் தீனி இல்லை என்று யாரும் சொல்வதில்லை. வரப்பெல்லாம் புல். சோளமும் மக்காச்சோளமும் ஆள் உயரம் நிற்கும். அதே மாட்டைப் பங்குனி, சித்திரையில் பாருங்கள். வைக்கோலும் காய்ந்த தட்டும்தான் தீனி. பால் பாதியாகிவிடும். தட்டும் தீர்ந்துபோனால் சந்தைக்கு ஓட்ட வேண்டியதுதான். ஊரே ஓட்டிக்கொண்டு வரும் நாளில் விலை எப்படி இருக்கும்? 2016-ஆம் ஆண்டு வடகிழக்குப் பருவமழை பொய்த்து, 2017 ஜனவரியில் தமிழ்நாடு முழுவதும் வறட்சி என்று அறிவித்தார்களே, அதற்குப் பிறகு வந்த கோடையை மாடு வைத்திருப்பவர்கள் மறந்திருக்க மாட்டீர்கள்.

"அதுக்குத்தானே தட்டைக் காயவச்சுப் போர் போடறோம்" என்பீர்கள். போடுங்கள், வேண்டாம் என்று சொல்லவில்லை. ஆனால் தட்டு காய ஒரு வாரத்துக்கு மேல் நல்ல வெயில் வேண்டும். அறுத்துப் போட்ட மறுநாளே மழை பிடித்தால் தட்டு கறுத்துவிடும். நன்றாகக் காய்ந்தாலும் இலை உதிர்ந்துவிடும். பச்சையில் இருந்த சத்தில் பெரும்பங்கு அந்த இலையோடு போய்விடும். ஊறுகாய்ப் புல்லுக்கு மழையில்லாத இரண்டு நாள் கிடைத்தால் போதும். பச்சையாகவே நறுக்கிக் குழியில் இட்டு மூடிவிடலாம். சைலேஜ் என்று சொல்வதும் இதைத்தான்.

மாவடுவை ஜாடியில் போட்டு வாயைக் கட்டி வைக்கிறோமே, ஏறக்குறைய அதே சங்கதிதான். காற்று இல்லாத இடத்தில், பாலைத் தயிராக்கும் கிருமியின் இனத்தைச் சேர்ந்த கிருமிகள் பெருகி, பயிரிலுள்ள சர்க்கரையைப் புளிப்பாக மாற்றுகின்றன. அந்தப் புளிப்புதான் தீவனத்தைக் கெடாமல் காக்கிறது. காற்று இருந்தால் கதையே வேறு. பயிர் சூடேறும், பூசணம் பிடிக்கும். ஆகவே இந்த வேலையில் நமக்கு ஒரே எதிரி காற்று.

ஈரோடு மாவட்டத்தில் ஒரு விவசாயி குழியைத் திறந்தபோது நானும் கூட இருந்தேன். மேலே நன்றாக இருந்தது. ஒரு முழம் போனதும் புகையிலை நிறத்தில், வெள்ளைப் பூசணத்தோடு ஒரு படுகை. அதற்கும் கீழே மறுபடி நல்ல தீவனம். கேட்டால், குழி நிரப்பிய இரண்டாம் நாள் நறுக்கும் இயந்திரத்தின் பெல்ட் அறுந்துபோயிற்றாம். சரிசெய்ய மூன்று நாள். அந்த மூன்று நாளும் குழி திறந்தே கிடந்திருக்கிறது. மூன்றில் ஒரு பங்கு தீவனத்தை அள்ளி எருக்குழியில் கொட்டினார். அதனால், இயந்திரமும் ஆளும் கைக்கு வந்த பிறகே வயலில் அரிவாளை வையுங்கள். தொடங்கினால் ஒரே நாளில், மிஞ்சினால் இரண்டு நாளில் மூடிவிட வேண்டும்.

இனி, குழி. பலரும் அகலமாக வெட்டிவிடுகிறார்கள். மூன்று கறவை மாடு இருக்கிறதென்று வைத்துக்கொள்வோம். மாட்டுக்கு நாளைக்கு 15 கிலோ வீதம் 90 நாளுக்குச் சுமார் 4 டன் வேண்டும். நன்றாக மிதித்தால் ஒரு கன அடியில் 15 கிலோ வரை பிடிக்கும். 300 கன அடிக் குழி என்றால் சேதாரம் போகவும் கட்டும். இதையே 10 அடி நீளம், 6 அடி அகலம், 5 அடி ஆழம் என்று வெட்டினால், அன்றாடம் எடுக்கும் 45 கிலோவுக்கு முகப்பில் ஒரு அங்குலத்துக்குக் கொஞ்சம் கூடத்தான் குறையும். நம் வெயிலுக்கு அது போதாது. காற்றுப் பட்ட முகப்பு மறுநாளே சூடாகிக் கெடும். 3 அடி அகலம், 4 அடி ஆழம், 25 அடி நீளம் என்று வெட்டுங்கள். கன அடி அதேதான். ஆனால் தினம் மூன்று அங்குலம் முகப்பு நகரும், புதுத் தீவனமாகவே கிடைக்கும். மேடான, தண்ணீர் ஊறாத இடமாகப் பாருங்கள். ஒரே மாடு இருந்தால் குழியே வேண்டாம். இறுக்கமாக மூடக்கூடிய 200 லிட்டர் பிளாஸ்டிக் பீப்பாயில் நூறு கிலோ வரை அடைக்கலாம்.

சோளம், மக்காச்சோளம் இரண்டும் இதற்கு முதல் தரம். மணி பால் பிடித்து மாவு கட்டத் தொடங்கும்போது அறுங்கள். இளஞ்சோளத்தை, அதிலும் வாடி நிற்கும் சோளத்தை அறுக்காதீர்கள். அதில் நச்சு உண்டு என்பது உங்களுக்குத் தெரிந்ததே. ஓர் அங்குல நீளத்துக்கு நறுக்கி, ஒரு கைப்பிடி எடுத்து இறுக்கிப் பிடித்துப் பாருங்கள். சாறு சொட்டினால் ஈரம் அதிகம். கையை விரித்ததும் பொலபொலவென்று உதிர்ந்தால் காய்ந்துபோனது. உருண்டை மெதுவாக விரிந்து, உள்ளங்கை மட்டும் நனைந்திருந்தால் பக்குவம். இந்த இரண்டு பயிருக்கும் வேறு எதையும் காசு கொடுத்து வாங்கிச் சேர்க்க வேண்டியதில்லை. கம்பு நேப்பியர் புல்லில் சர்க்கரை குறைவு, தண்ணீர் அதிகம். அதை அரைநாள் வாடவிட்டு, 100 கிலோவுக்கு 2 கிலோ வெல்லம் கரைத்துத் தெளியுங்கள்.

குழியின் அடியிலும் பக்கத்திலும் பாலிதீன் தாள் விரித்து, அரையடி கனத்துக்கு ஒரு படுகை போடுங்கள். மிதியுங்கள். திமிசுக்கட்டையால் இடியுங்கள். பிறகுதான் அடுத்த படுகை. ஓரமும் மூலையும்தான் ஏமாற்றும் இடங்கள். அங்கே ஆளை நிறுத்தி மிதிக்கச் சொல்லுங்கள். தரைமட்டத்துக்கு மேல் ஒன்றரை அடி, மாட்டு முதுகு போலக் குவியுங்கள். பின்னால் தானே அமுங்கும். ஓட்டையில்லாத தாளால் மூடி, மேலே அரையடி மண் போடுங்கள். மழைத்தண்ணீர் ஓடச் சுற்றிலும் வாய்க்கால் எடுங்கள். மண்ணில் வெடிப்பு கண்டால் அன்றைக்கே பூசிவிட வேண்டும். எலி வளை தோண்டினாலும் அப்படித்தான்.

45 நாள் கழித்துத் திறக்கலாம். அவசரமில்லை என்றால் சித்திரை வரை அப்படியே கிடக்கட்டும். ஒரு பக்கத்து முனையை மட்டும் திறந்து, மேலிருந்து கீழாகச் சீவி எடுத்து, உடனே தாளை இழுத்து மூடிவிடுங்கள். மஞ்சள் கலந்த பச்சை நிறமும், பழம் புளித்த மாதிரி வாசனையும் இருந்தால் உங்கள் குழி தேறிவிட்டது. கறுத்தது, நாறுவது, பூசணம் பிடித்தது எதையும் தயவு பார்க்காமல் தள்ளிவிடுங்கள். சினை மாட்டுக்கு அது கன்று வீசும் ஆபத்து.

மாடு முதல் நாள் முகர்ந்து பார்த்துவிட்டு முகத்தைத் திருப்பும். பயப்பட வேண்டாம். 5 கிலோவில் தொடங்கி, ஒரு வாரத்தில் 15 கிலோவுக்குக் கொண்டுவாருங்கள்; வைக்கோலும் தவிடு, புண்ணாக்கும் வழக்கம்போல இருக்கட்டும். பால்குடிக் கன்றுக்கு வேண்டாம். பால் கறந்த பிறகே போடுங்கள். கறவைக்கு முன் போட்டால் அந்த வாசனை பாலில் ஏறி, சொசைட்டியில் பாலைத் திருப்பிவிடுவார்கள். மிச்சத்தைக் கொட்டகையில் குவித்து வைக்காதீர்கள்.