மனை வாங்குவோரும் நிபுணர் துணையும்

(அறக்கட்டளை விழாக் கூட்டத்தில் ஆற்றப்பட்ட உரை)



வந்தவாசி, ஆரணி, செஞ்சி வட்டாரங்களில் பயிர்த்தொழிலால் வாழ்ந்த குடும்பங்கள் பல இன்று நகரங்களில் குடியேறிவிட்டன. ஊர் நிலத்தின் ஒரு பகுதியை விற்று, அத்தொகையில் ஒரு மனையையோ, வாடகைக்கு விடச் சிறிய வீட்டையோ வாங்குவது வழக்கமாகிவிட்டது. பெரிய நிறுவனங்களுக்கு வழக்குரைஞர்களும் தணிக்கையாளர்களும் எப்போதும் உடனிருக்கின்றனர். ஒரே ஒரு மனை வாங்கும் குடும்பத்திற்கோ எவரும் இல்லை. இழப்பு நேர்ந்தால் நிறுவனம் தாங்கிக்கொள்ளும், குடும்பம் தாங்காது. ஆகவே நிபுணர் துணை சிறியவர்களுக்கே மிகுதியும் தேவைப்படுகிறது.

ஓர் எடுத்துக்காட்டைக் கருதலாம். ஓய்வுபெற்ற ஆசிரியர் ஒருவர் 40 இலட்ச ரூபாயில் மனையொன்று வாங்க முற்படுகிறார். விற்பவர்கள் அண்ணன் தம்பி இருவர். 1985-இல் தந்தை தம் சம்பாத்தியத்தில் வாங்கிய கிரயப் பத்திரம் உள்ளது. மனைவியை முன்பே இழந்திருந்த அவர் 1998-இல் உயில் எழுதாமல் காலமானார். 2001-இல் பிள்ளைகள் பதிவு செய்த பாகப்பிரிவினைப் பத்திரமும் உள்ளது. பட்டா இருவர் பெயரிலும் இருக்கிறது. வில்லங்கச் சான்றில் கடன் ஏதுமில்லை. “எல்லாம் தெளிவாக இருக்கிறது, நாளைக்கே முன்பணம் கொடுத்துவிடுங்கள்” என்கிறார் தரகர்.

ஆசிரியர் அமர்த்திய வழக்குரைஞர் கூடுதலாகக் கேட்டது வாரிசுச் சான்று ஒன்றே. அதில் மூன்று பெயர்கள் இருந்தன. மூன்றாவது, திருமணமாகி வேற்றூர் சென்ற தங்கையின் பெயர். சமணர்களுக்கும் பொருந்துகின்ற 1956-ஆம் ஆண்டு இந்து வாரிசுரிமைச் சட்டப்படி, உயிலின்றி இறந்த தந்தையின் தனிச் சொத்தில் மகனுக்குள்ள பங்கு மகளுக்கும் உண்டு. அந்த மனையில் மூன்றில் ஒரு பங்கு தங்கையுடையது. 2001-ஆம் ஆண்டுப் பத்திரத்தில் அவர் கையொப்பமே இல்லை. வில்லங்கச் சான்று பதிவான ஆவணங்களைக் காட்டுமேயன்றி, விடுபட்ட வாரிசைக் காட்டாது. பட்டாவும் வருவாய்த்துறைப் பதிவேயன்றி உரிமைப் பத்திரம் ஆகாது. “தங்கையும் சேர்ந்து கையொப்பமிட்டால் வாங்கலாம், இல்லையேல் வேண்டாம்” என்று வழக்குரைஞர் எழுதிக் கொடுத்தார். முன்பணம் கைமாறாததால் ஆசிரியர் அமைதியாகக் காத்திருக்க முடிந்தது.

இங்கே கருதவேண்டியது, யார் யாருக்காகப் பணிபுரிகின்றனர் என்பது. விற்பனை முடிந்தால்தான் தரகருக்குத் தரகு. ஆவண எழுத்தர் பத்திரம் எழுதுபவர். உரிமையை ஆராய்வது அவர் பணியன்று. வங்கியின் வழக்குரைஞர் வங்கி தரும் கடனுக்குப் பாதுகாப்பு உண்டா என்று பார்ப்பவர். விற்பவர் காட்டும் வழக்குரைஞர் விற்பவருடையவர். இவர்கள் அனைவரும் நேர்மையாளராகவே இருக்கலாம். எனினும் வாங்குபவருக்காக மட்டும் பார்க்கின்ற கண் ஒன்று வேண்டும். “வாங்காதீர்கள்” என்று சொன்னாலும் கட்டணம் குறையாதவரே அத்தகைய கண்ணாக இருக்க இயலும்.

வழக்குரைஞரை அடுத்து நில அளவர். பத்திரத்தின் நான்கெல்லையும் புலப்படமும் தரையில் ஒத்திருக்கின்றனவா என்பதை அளந்தே அறியவேண்டும். கட்டிய வீடாயின், அனுமதி பெற்ற வரைபடத்தின்படியே கட்டப்பட்டுள்ளதா என்பதைக் கட்டடப் பொறியாளர் ஆராயவேண்டும். விலை 50 இலட்ச ரூபாயோ அதற்கு மேலோ ஆனால், 1 விழுக்காட்டு வரியைப் பிடித்து அரசுக்குச் செலுத்தும் கடமை வாங்குபவருடையது. விற்பவர் வெளிநாட்டில் வாழ்பவராயின் விதி வேறு; பிடிக்கவேண்டிய வரியும் அதிகம். அங்கே தணிக்கையாளர் துணை இன்றியமையாதது. புதிய மனைப்பிரிவுகளிலும் அடுக்ககங்களிலும், 2016-ஆம் ஆண்டு மனைவணிக ஒழுங்குமுறைச் சட்டப்படி திட்டமும் முகவரும் பதிவு பெற்றுள்ளனரா என்று பார்த்தல் நன்று.

அமர்த்தும்போது மூன்றைக் கருதவேண்டும். செய்யவேண்டிய பணி இன்னதென எழுத்தில் இருக்கவேண்டும். கட்டணம் முன்னரே பேசப்படவேண்டும். அது விற்பனை முடிவதைச் சார்ந்திருக்கலாகாது. கருத்துரை வாய்ச்சொல்லாக நில்லாமல் கையொப்பத்துடன் வரவேண்டும்.

ஆயினும் பிறரிடம் ஒப்படைக்கலாகாதவையும் உண்டு. இடத்தை நேரில் காண்பது, மூலப் பத்திரங்களைப் படிப்பது, பணத்தை வங்கி வழியே விற்பவர் கணக்கில் செலுத்துவது ஆகியவை உரியவரே செய்யத்தக்கவை. வசதிக்காகத் தரகருக்குப் பொது அதிகாரப் பத்திரம் எழுதித் தருவது தீங்கில் முடியக்கூடும். அதிகாரப் பத்திரத்தால் மட்டும் சொத்துரிமை மாறாது என்று உச்ச நீதிமன்றம் 2011-இல் தெளிவுபடுத்தியது. ஆகவே அதிகாரப் பத்திரத்தை மட்டும் நம்பி வாங்குவதும் தகாது.

மேற்கண்ட ஆசிரியர் வழக்குரைஞருக்குத் தந்த கட்டணம் சில ஆயிரம். அது காத்தது அவர் ஆயுட்காலச் சேமிப்பை மட்டுமன்று. முகமறியாத ஒரு பெண்ணின் பங்கையும் காத்தது. பிறர் உரிமை கலவாத சொத்தே பிள்ளைகளுக்கு அச்சமின்றி விட்டுச்செல்லத் தக்கது.