எழுதி வைக்காத பரிசோதனை

இன்று எம்.டி., எம்.எஸ். பட்டம் பெறும் இளம் மருத்துவர்களே,

இந்தப் பட்டத்துக்காக நீங்கள் ஒவ்வொருவரும் ஒரு தீசிஸ் எழுதியிருக்கிறீர்கள். தலைப்பை சீஃப் கொடுத்திருப்பார். இல்லையென்றால் சீனியர் நீட்டிய பட்டியலில் எளிதாகத் தெரிந்ததை எடுத்திருப்பீர்கள். எத்திக்ஸ் கமிட்டிக்கு அலைந்து, கேஸ் சேர்த்து, மாஸ்டர் சார்ட் நிரப்பி, புள்ளியியல் தெரிந்த ஒருவரைத் தேடிப் பிடித்து, கடைசி வாரம் பைண்டிங் கடை வாசலில் காத்துக் கிடந்து, ஒருவழியாகப் பல்கலைக்கழகத்துக்கு அனுப்பிவிட்டீர்கள். அதை இனி யாரும் புரட்டப் போவதில்லை என்று உங்களுக்கும் தெரியும், எனக்கும் தெரியும். வாழ்த்த வந்த இடத்தில் பேசுகிற பேச்சா இது என்று கல்லூரி முதல்வர் நினைக்கலாம். மருத்துவமனையில் ஆராய்ச்சி என்றால் இந்தச் சடங்குதான் என்ற எண்ணத்தோடு நீங்கள் வெளியே போகக் கூடாது என்பதால் பேசுகிறேன்.

நம் அரசு மருத்துவமனைகளில் யூனிட்டுகள் உண்டு. ஒவ்வொரு யூனிட்டுக்கும் ஓர் அட்மிஷன் நாள் உண்டு. திங்கட்கிழமை வயிற்றுவலியோடு வருபவர் முதல் யூனிட்டுக்குப் போகிறார், செவ்வாய்க்கிழமை வருபவர் இரண்டாவதற்கு. முதல் யூனிட்டில் அறுவை முடிந்ததும் வயிற்றில் ட்ரெயின் குழாய் வைத்தே ஆக வேண்டும். இரண்டாவதில் ட்ரெயின் வைத்தால் சீஃப் திட்டுவார். ஒருவர் ஐந்து நாள் ஆன்டிபயாடிக் எழுதுவார், இன்னொருவர் ஒரே டோஸோடு நிறுத்துவார். மெடிசின் வார்டிலும், மகப்பேறு வார்டிலும், குழந்தைகள் வார்டிலும் இதே கதைதான். இரு சீஃப்களும் கைராசிக்காரர்கள் என்று ஊரில் பெயர் வாங்கியவர்கள். யார் செய்வது நோயாளிக்கு நல்லது என்று கேட்டால் அந்தக் கட்டடத்தில் ஒருவருக்கும் தெரியாது. ஒருவருக்கு என்ன சிகிச்சை கிடைக்கும் என்பதைக் கிழமை முடிவு செய்கிறது.

இதுவும் பரிசோதனைதான். சம்மதம் கேட்காத, முடிவை எழுதி வைக்காத, எத்தனை ஆண்டு நடந்தாலும் யாருக்கும் எதையும் கற்றுத் தராத பரிசோதனை. ஆராய்ச்சி என்றால் நோயாளியை எலியாக்குவது என்று பேசுபவர்கள் நம்மிடையே நிறையப் பேர். தினமும் வார்டில் நடக்கும் இதைப் பற்றி அவர்கள் வாய் திறப்பதில்லை.

இதை எழுதி வைத்துச் செய்தால் என்ன ஆகும் என்பதற்கு வெளிநாட்டு உதாரணம் தேட வேண்டியதில்லை. சென்னை சேத்துப்பட்டுக்குப் போனால் போதும். 1956-ல் அங்கே காசநோய் மருந்துச் சிகிச்சை மையம் தொடங்கப்பட்டது. இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம், சென்னை மாநில அரசு, உலக சுகாதார நிறுவனம், பிரிட்டனின் மருத்துவ ஆராய்ச்சிக் கழகம் நான்கும் கைகோத்த முயற்சி அது. பொறுப்பேற்று நடத்தியவர் வாலஸ் ஃபாக்ஸ். அந்தக் காலத்தில் காசநோய் என்றால் சானடோரியம்: நல்ல காற்று, முட்டை, பால், மாதக்கணக்கில் படுக்கை. மருந்து வந்த பிறகும் அந்த நம்பிக்கை போகவில்லை. ஆனால் நாட்டிலிருந்த நோயாளிகளின் எண்ணிக்கைக்கு எத்தனை சானடோரியம் கட்டினாலும் போதாது. அப்படியானால் வீட்டில் வைத்தே மருந்து கொடுத்தால் என்ன? அவ்வளவுதான் கேள்வி.

193 நோயாளிகளைக் குலுக்கல் முறையில் இரண்டாகப் பிரித்தார்கள். ஒரு பிரிவினர் சானடோரியத்துக்குப் போனார்கள். மற்றவர்கள் சென்னையின் நெருக்கடியான குடியிருப்புகளில், ஒரே அறையில் மனைவி மக்களோடு, அரைகுறைச் சாப்பாட்டோடு இருந்தார்கள். இரு பிரிவுக்கும் ஒரே மருந்து, ஐசோனியாசிடும் பாஸ் (PAS) மருந்தும், 12 மாதங்களுக்கு. வீட்டில் இருந்தவர்களை நம்பி விட்டுவிடவில்லை என்பதைக் கவனியுங்கள். முன்னறிவிப்பு இல்லாமல் வீட்டுக்குப் போய் மாத்திரைகளை எண்ணினார்கள். சிறுநீரைச் சோதித்து மருந்து உள்ளே போயிருக்கிறதா என்று பார்த்தார்கள். 1959-ல் முடிவு வெளியானது. வீட்டுச் சிகிச்சை ஏறக்குறைய சானடோரியம் அளவுக்கே பலன் தந்தது. வீட்டிலிருந்த குழந்தைகளுக்கும் மற்றவர்களுக்கும் அதனால் கூடுதலாக நோய் பரவவும் இல்லை. பரவ வேண்டியது சிகிச்சை தொடங்கும் முன்பே பெரும்பாலும் பரவி முடிந்திருந்தது.

உலகெங்கும் சானடோரியங்கள் காலியானதற்கு இந்தச் சென்னை ஆய்வு ஒரு முக்கியக் காரணம். இன்று ஊரகத்தில் ஓர் ஆஷா பணியாளர் வீட்டு வாசலில் காசநோய் மாத்திரை கொடுக்கிறார் என்றால், அதன் வேர் சேத்துப்பட்டில் இருக்கிறது. எந்த ஏழ்மையைக் காட்டி 'இங்கே ஆராய்ச்சியெல்லாம் எங்கே சார்' என்று நாம் அலுத்துக்கொள்கிறோமோ, அந்த ஏழ்மைதான் அன்று கேள்வியைத் தந்தது. லண்டனில் இருந்தவர்களுக்கு அந்தக் கேள்வி அவ்வளவு அவசரமாக இருந்திருக்காது.

கண் மருத்துவம் படித்தவர்களுக்கு மதுரையைச் சொல்ல வேண்டும். வயலில் நெல் உமியோ வைக்கோலோ கண்ணில் பட்டுக் கருவிழியில் பூஞ்சைப்புண் வருவது நம் பக்கம் சாதாரணம். அமெரிக்கக் கண் மருத்துவருக்கு அது எப்போதாவது பார்க்கிற நோய். நாடாமைசின் பழைய சொட்டு மருந்து. வோரிகோனசோல் புதியது, விலை கூடியது, ஆய்வகத்தில் பிரமாதமாக வேலை செய்தது. உலகமே புதியதன் பக்கம் சாய்ந்துகொண்டிருந்தது. அரவிந்த் கண் மருத்துவமனையும் சான்ஃபிரான்சிஸ்கோவின் ப்ராக்டர் நிறுவனமும் சேர்ந்து இரண்டையும் நேருக்கு நேர் ஒப்பிட்டன. 323 நோயாளிகள் சேர்ந்திருந்த நிலையில் கண்காணிப்புக் குழு சேர்க்கையை நிறுத்தச் சொன்னது. 2013-ல் வெளியான முடிவு: பழைய நாடாமைசினே மேல். புதிய மருந்து போட்டவர்களில் கருவிழியில் ஓட்டை விழுந்தவர்கள் அதிகம். கழனியில் வேலை செய்யும் ஒருவரின் பார்வையையும் பணத்தையும் சேர்த்துக் காப்பாற்றிய ஆய்வு இது. மருந்துக் கம்பெனி பிரதிநிதி இதை உங்களிடம் வந்து சொல்லமாட்டார்.

இனி என் சாதிக்கு வருகிறேன். சர்ஜன்கள் கோபிக்க வேண்டாம், நானும் கத்தி பிடித்தவன்தான். மருந்தைச் சோதிக்க நாம் ஒப்புக்கொள்வோம். நம் கையைச் சோதிக்கச் சொன்னால் முகம் சுருங்கும். 1950-களில் நெஞ்சுவலிக்கு மார்பின் உள்தமனியைக் கட்டும் அறுவை அமெரிக்காவில் பரபரப்பாக நடந்தது. வலி குறைந்தது என்று நோயாளிகளே சொன்னார்கள். சியாட்டிலில் லியனார்ட் காப் என்பவர் 17 நோயாளிகளை எடுத்துக்கொண்டு, சிலருக்குத் தமனியைக் கட்டினார், மற்றவர்களுக்குத் தோலை மட்டும் கீறித் தைத்தார். இரு சாராரும் ஒரே அளவு குணமானார்கள். 1959-ல் அது வெளிவந்த பிறகு அந்த அறுவை வழக்கொழிந்தது. நோயாளி 'நல்லா இருக்கேன் டாக்டர்' என்று கும்பிட்டுவிட்டுப் போவது நம் வெற்றிக்குச் சாட்சி ஆகாது என்று எனக்குப் புரியவைத்தது இந்தச் சிறிய ஆய்வுதான். ஆனால் இப்படிப் பொய்யறுவை செய்து ஒப்பிடுவதை எல்லா நோய்க்கும் செய்ய முடியாது, செய்யவும் கூடாது. அன்று அந்த நோயாளிகளிடம் முழு விவரம் சொல்லாமலே செய்தார்கள். இன்று எந்த எத்திக்ஸ் கமிட்டியும் அதை அனுமதிக்காது.

பொய்யறுவை இல்லாமலும் அறுவையைச் சோதிக்கலாம். நம் நாட்டில் அதற்குச் சிறந்த உதாரணம் மும்பை டாடா நினைவு மருத்துவமனை. புகையிலையும் பாக்கும் மெல்லும் நாட்டில் வாய்ப்புற்றுக்குப் பஞ்சமில்லை. ஆரம்ப நிலையில் வரும் நோயாளிக்குக் கழுத்தில் கட்டி எதுவும் தட்டுப்படாத போதே நெறிக்கட்டிகளையும் சேர்த்து எடுத்துவிட வேண்டுமா, கட்டி தெரிந்த பிறகு எடுத்தால் போதுமா? அரை நூற்றாண்டாக உலகத்துச் சர்ஜன்கள் இதில் கட்சி பிரிந்து நின்றார்கள். நம் யூனிட் ஒன்று, யூனிட் இரண்டு போலத்தான். டாடாவில் 2004 முதல் 2014 வரை 596 பேரைச் சேர்த்து ஒப்பிட்டார்கள். 2015-ல் முடிவு வந்தது: முதலிலேயே எடுத்தவர்களில் மூன்றாண்டு பிழைத்திருந்தவர்கள் 80 சதவீதம், காத்திருந்து எடுத்தவர்களில் 67.5. எட்டுப் பேருக்கு முதலிலேயே எடுத்தால் ஒருவர் கூடுதலாகப் பிழைக்கிறார். பக்கத்துப் பக்கத்து தியேட்டரில் இருவர் இருவிதமாகச் செய்துகொண்டிருந்த காலம் முழுவதும், உலகம் முழுவதும், அந்த எட்டில் ஒருவர் போய்க்கொண்டே இருந்திருக்கிறார்.

நியாயமாகத் தோன்றுவது எல்லாம் நியாயம் ஆகிவிடாது என்பதற்கு இன்னொன்று சொல்கிறேன். தலைக்காயத்தில் மூளை வீங்குகிறது. ஸ்டீராய்டு வீக்கத்தைக் குறைக்கும். எனவே ஸ்டீராய்டு கொடு. முதலாண்டு மாணவன்கூட ஒப்புக்கொள்ளும் வாதம். முப்பது ஆண்டுகளுக்கு மேல் கொடுத்தார்கள். 2004-ல் கிராஷ் என்ற ஆய்வு 10,008 நோயாளிகளோடு வந்து பார்த்தபோது, ஸ்டீராய்டு கொடுக்கப்பட்டவர்களில் இரண்டு வாரத்துக்குள் இறந்தவர்கள் 21.1 சதவீதம், கொடுக்கப்படாதவர்களில் 17.9. நூற்றுக்கு மூன்று பேர் வித்தியாசம் எந்த ஒரு வார்டிலும் எந்த ஒரு சீஃபின் கண்ணுக்கும் தெரியாது. அனுபவம் எவ்வளவு பெரிதானாலும் தெரியாது. எண்ணிப் பார்த்தால்தான் தெரியும்.

பலன் இல்லை என்று சொல்லும் ஆய்வுக்கும் தைரியம் வேண்டும். செங்கல்பட்டு மாவட்டத்தில் 1968-ல் தொடங்கி இரண்டரை லட்சத்துக்கும் மேற்பட்டவர்களிடம் பி.சி.ஜி. தடுப்பூசி சோதிக்கப்பட்டது. பெரியவர்களின் நுரையீரல் காசநோயை அது தடுக்கவில்லை என்று முடிவு வந்தபோது நம்ப மறுத்தவர்கள் ஏராளம். குழந்தைகளுக்கு வரும் கொடிய வகைகளிலிருந்து காப்பதால் இன்றும் போடுகிறோம். எதற்குப் போடுகிறோம் என்று தெரிந்து போடுகிறோம். இன்னோர் உதாரணம்: கோவிட் காலத்தில், குணமானவர்களின் பிளாஸ்மாவுக்காகக் குடும்பங்கள் ஊர் ஊராக அலைந்ததை நீங்கள் ஹவுஸ் சர்ஜன்களாக நின்று பார்த்திருப்பீர்கள். 2020 ஏப்ரல் முதல் ஜூலை வரை, அத்தனை குழப்பத்துக்கு நடுவே, இந்தியாவின் 39 மருத்துவமனைகள் 464 நோயாளிகளைச் சேர்த்து இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் ஆய்வை நடத்தி முடித்தன. பிளாஸ்மா பெற்றவர்களில் நோய் முற்றியவர்களும் இறந்தவர்களும் 19 சதவீதம், பெறாதவர்களில் 18. அந்த வார்டுகளில் ஆக்சிஜன் கவனித்துக்கொண்டே கேஸ் ஷீட்டையும் ஒழுங்காக எழுதிய டியூட்டி டாக்டர்களை நான் வணங்குகிறேன்.

இவ்வளவு சொன்ன பிறகு ஓர் எச்சரிக்கை. நம் நோயாளிகள் நம்மிடம் 'மாட்டேன்' என்று சொல்லப் பழகாதவர்கள். 'நீங்க பாத்து எது செஞ்சாலும் சரிங்க' என்பார்கள். அந்தச் சொல்லை வைத்துக்கொண்டு படிவத்தில் கைநாட்டு வாங்குவது இரண்டு நிமிட வேலை. இந்த நாட்டில் அப்படி வாங்கிய கைநாட்டுகள் நீதிமன்றம் வரை போயிருக்கின்றன. 2019-ல் வந்த மருந்துப் பரிசோதனை விதிகளில் இழப்பீடும் இலவசச் சிகிச்சையும் இடம்பெற்றதற்குப் பின்னால் அந்தக் கசப்பு இருக்கிறது. ஆய்வில் சேரவில்லை என்றாலும் இதே படுக்கை, இதே மருந்து, இதே மரியாதை உங்களுக்கு உண்டு என்று நோயாளிக்குப் புரியும் தமிழில் சொல்லுங்கள். வீட்டில் கேட்டுவிட்டு நாளைக்குச் சொல்லுங்கள் என்று அனுப்புங்கள். மறுநாள் நூற்றில் சிலர் 'வேணாங்க' என்றால்தான் நீங்கள் ஒழுங்காகச் சொல்லியிருக்கிறீர்கள் என்று அர்த்தம்.

உங்களில் பலர் பாண்ட் காலத்தில் தாலுகா மருத்துவமனைகளுக்கும் மாவட்டத் தலைமை மருத்துவமனைகளுக்கும் போகப் போகிறீர்கள். அங்கே ஆய்வகம் சுமார்தான், நூலகம் இருக்காது, இரவு டியூட்டியில் நீங்கள் ஒருவர்தான். இந்திய மருத்துவப் பரிசோதனைப் பதிவேட்டில் ஓர் ஆய்வைப் பதிய அங்கிருந்தும் முடியும்; கட்டணம் கிடையாது. முதல் நோயாளியைச் சேர்க்கும் முன் பதிய வேண்டும், அவ்வளவுதான். ஆய்வு செய்யும் அளவுக்கு வசதி இல்லை என்றால், டிஸ்சார்ஜ் சீட்டில் போன் நம்பரைச் சரியாக எழுதி வாங்குங்கள், ஓராண்டு கழித்துக் கூப்பிட்டு எப்படி இருக்கிறார் என்று கேட்டு நோட்டில் குறியுங்கள். வலை வைத்து ஹெர்னியா அறுவை செய்துகொண்டவருக்கு வலி நின்றதா, இன்சுலின் தொடங்கியவர் போட்டுக்கொண்டிருக்கிறாரா, இதுகூட நம் ஊர்களில் யாரும் எண்ணிப் பார்க்காத விஷயங்கள்.

பாம்பு கடித்தவர்களும் பூச்சிமருந்து குடித்தவர்களும் பெரிய மருத்துவமனைக்கு வருவதற்கு முன் உங்களிடம்தான் வருவார்கள். அவர்களுக்கான விதிமுறைகளை வேறெங்கோ உட்கார்ந்து யாரோ எழுதியிருக்கிறார்கள். அவை உங்கள் நோயாளிக்குப் பொருந்துகின்றனவா என்று பார்த்துச் சொல்ல உங்களை விட்டால் வேறு ஆள் இல்லை. போய்ப் பாருங்கள், எழுதி வையுங்கள், எங்களுக்கும் சொல்லுங்கள்.