கணப்பு மரத்தில் பிறந்த கிதார்
(சங்க ஆண்டுவிழாவில் நிகழ்த்திய உரை)



ஆண்டுவிழாவில் நமக்கு வழக்கமாக அளிக்கப்படும் தலைப்பு இலக்கியத்தைப் பற்றியது. இவ்வாண்டு வேறொரு பொருளை நாமே கேட்டு வாங்கிக்கொண்டோம். காரணத்தை மறைப்பானேன்? சென்ற ஆடி மாதம் நம் காலனிப் பிள்ளைகள் பன்னிருவர் செயற்குழுவுக்கு ஒரு விண்ணப்பம் எழுதினர். மன்றத்தின் பின்புறத்தில் உடைந்த நாற்காலிகளும் நவராத்திரிக் கொலுப்படிகளும் அடைந்து கிடக்கின்றனவே, அந்த அறையை ஞாயிறுதோறும் தமக்குத் திறந்துவிட வேண்டும். அங்கே தம் கையாலேயே ஒரு மின்சார கிதார் செய்யப் போகிறோம் என்பது விண்ணப்பம். குழுவில் எழுந்த மறுப்புகளுள் முதற்குரல் நம்முடையதே. தமிழ் வளர்க்கப் பிறந்த சங்கத்தில் கிதார் எதற்கு என்று கேட்டோம். படிப்புக் கெடும் என்றோம். கடையில் கிடைப்பதைக் கையால் செய்வது வீண் வேலை என்றும் சொல்லி வைத்தோம். முடிவு தள்ளிப்போயிற்று. மறுத்தவர் மறுத்த பொருளை அறிந்திருக்க வேண்டாமா என்று பின்னர் மனம் உறுத்தியது. அதன்பின் படித்தறிந்தவற்றையே இப்போது சொல்லுகிறோம்.

லண்டன் மாநகரின் மேற்கே ஃபெல்தம் என்றோர் ஊர். அங்கே ஹெரால்டு மே என்பவர் குடியிருந்தார். விமானத்துறை அமைச்சகத்தில் மின்னணுக் கருவிகளுக்கு வரைபடம் வரையும் உத்தியோகம். நம் காலனியில் பாதிப் பேர் பார்த்த உத்தியோகத்துக்கு அண்டை வீட்டு உத்தியோகம் என்று வைத்துக்கொள்ளுங்கள். வீட்டு வானொலியையும் தொலைக்காட்சிப் பெட்டியையும் தாமே அமைத்துக்கொண்ட கைக்காரர். அவருக்கு ஒரே மகன், பிரையன். 1963 ஆகஸ்டில் பதினாறு வயது. விலையுயர்ந்த அமெரிக்க மின்சார கிதார்களின் மீது பையனுக்கு ஆசை. அவற்றை வாங்கும் வசதி அக்குடும்பத்துக்கு இல்லை. தந்தையார், “வேண்டாம்” என்றும் சொல்லவில்லை, கடன் வாங்கவும் இல்லை. செய்துவிடுவோம் என்று இருவரும் துணிந்தனர். வீட்டில் மிச்சமாயிருந்த ஒரு படுக்கையறையே பட்டறையாயிற்று. வேலை முடிய ஏறத்தாழ இரண்டு ஆண்டுகள் சென்றன.

என்ன மரத்தில் செய்தார்கள் என்பதைக் கேட்டால் நம் இல்லத்தரசிகள் மகிழ்வார்கள். எதையும் எறியாமல் பரணில் ஏற்றும் வழக்கத்துக்கு இதைவிடச் சான்று வேண்டியதில்லை. குளிர் நாடுகளில் சுவரோடு சேர்த்துக் கட்டும் கணப்பு அடுப்பைச் சுற்றி மரச்சட்டம் அமைப்பார்கள். நூறாண்டைக் கடந்த அத்தகைய மஹோகனிச் சட்டமொன்றை ஒரு குடும்ப நண்பர் வீட்டில் கழித்துப் போட்டிருந்தார்கள். கிதாரின் கழுத்து அதிலிருந்து பிறந்தது. மரத்தில் புழு துளைத்த ஓட்டைகள் இருந்தன. அவற்றில் தீக்குச்சியைச் செருகி அடைத்தார்கள். உடலின் நடுப்பகுதிக்குப் பழைய மேசையின் ஓக் மரம் உதவிற்று. சுற்றிலும் பிளாக்போர்டு வைத்து, மேலே மெல்லிய மஹோகனித் தகடு ஒட்டினார்கள். கழுத்தின் மேல் இடத்தைக் காட்டும் வெண்புள்ளிகள் தாயாரின் தையற்பெட்டியிலிருந்த சிப்பிப் பொத்தான்கள். தந்திகளின் இறுக்கத்தைத் தளர்த்தி ஏற்றும் நெம்புகோல் ஒன்று வேண்டுமல்லவா? அதன் கைப்பிடி மிதிவண்டிப் பைதாங்கியின் கம்பி. முனையில் பின்னல் ஊசியின் குமிழ். அந்நெம்புகோல் ஆடுவது கடினப்படுத்திய எஃகுக் கத்தி விளிம்பின் மேல். இரசாயனச் சாலைத் தராசின் கோல் எவ்வாறு கத்தி முனையில் அமர்கிறதோ அவ்வாறு. ஆறு தந்திகளின் இழுப்புக்கு எதிராக நின்று தாங்குபவை 1928-ஆம் ஆண்டைச் சேர்ந்த பாந்தர் மோட்டார் சைக்கிளின் இரண்டு வால்வு ஸ்பிரிங்குகள். எல்லாச் செலவும் சேர்ந்து சுமார் 8 பவுன். அந்நாளைய மாற்று விகிதத்தில் ஏறத்தாழ 107 ரூபாய்.

வடிவமும் கடையில் கண்டதன் நகல் அன்று. வளைவுகளைத் தாமே காகிதத்தில் வரைந்தனர். கழுத்தின் கடைசி மெட்டு வரையில் இடக்கை விரல் தடையின்றிச் செல்லுமாறு உடலின் இரு தோள்களையும் ஆழமாகக் குடைந்தனர். உள்ளே வெற்றிடங்களும் விட்டனர். ஒலிபெருக்கியின் ஓசை உடலைத் தாக்கி, உடல் தந்தியை அசைத்து, தந்தி மீண்டும் ஒலிபெருக்கியை எழுப்பி, ஒரு சுரம் ஓயாமல் நின்று ஒலிக்க வேண்டும் என்பது பையனின் விருப்பம். அதற்காகவே அந்த உட்குடைவு.

மெட்டு என்றதும் வீணை நினைவுக்கு வராமற் போகுமா? நம் வீணைக்கு மெட்டுகள் இருபத்து நான்கு. அந்தக் கிதாருக்கும் இருபத்து நான்கே. பெரும்பாலான மின்சார கிதார்களில் இருபத்தொன்றோ இருபத்திரண்டோ இருக்கும். ஆயின் ஒரு வேற்றுமை உண்டு. வீணையின் மெட்டுகள் மெழுகில் அமர்வன. காதால் கேட்டு நகர்த்தி வைக்கலாம், பின்னாளில் பிசகினாலும் மீண்டும் கட்டலாம். கிதாரிலோ மரத்தில் ரம்பத்தால் கீறி, உலோகக் கம்பியை அடித்து இறக்கிவிட வேண்டும். அடித்தது அடித்ததே. ஆகையால் கணக்கு முன்னே செல்ல வேண்டும்.

கணக்கு கடினமன்று. தந்தியின் அதிரும் நீளத்தை 17.817-ஆல் வகுத்தால் முதல் மெட்டின் தொலைவு கிடைக்கும். அந்தக் கிதாரின் நீளம் 24 அங்குலம். முதல் மெட்டு 1.347 அங்குலத்தில் விழுகிறது. எஞ்சிய நீளத்தை மறுபடியும் அதே எண்ணால் வகுத்தால் இரண்டாம் மெட்டு. இவ்வாறே சென்றால் பன்னிரண்டாம் மெட்டு சரியாகப் பாதியில், 12 அங்குலத்தில், வந்து நிற்கும். இருபத்து நான்காவது 18 அங்குலத்தில். இங்கே நம் பிள்ளைகளுக்கு ஓர் எச்சரிக்கை. ஒரு மெட்டிலிருந்து அடுத்த மெட்டை அளக்காதீர்கள்; பிழை சேர்ந்துகொண்டே போகும். ஒவ்வொன்றையும் தலைப்பட்டையிலிருந்தே அளந்து குறியுங்கள். பட்டறையில் வேலை பார்த்த எந்தத் தகப்பனாரைக் கேட்டாலும் இதையே சொல்வார்.

இனி மின்சாரம். 1831-இல் மைக்கேல் ஃபாரடே கண்ட உண்மைதான் இதன் உயிர். காந்தத்தின் மேல் மெல்லிய செம்புக் கம்பியை ஆயிரக்கணக்கான சுற்று சுற்றி, எஃகுத் தந்தியின் அடியில் வைத்தால், தந்தி அதிரும்போது காந்தப் புலம் அசைகிறது. கம்பிச்சுருளில் சிறு மின்னோட்டம் எழுகிறது. அதைப் பெருக்கினால் ஒலி. இந்தச் சாதனத்தைப் பிக்கப் என்பர். பிரையன் முதலில் இதையும் தாமே செய்தார்; கடையில் விற்ற பொத்தான் காந்தங்களை வாங்கிக் கம்பி சுற்றினார். ஒலி நன்றாகவே வந்தது. ஆனால் தந்தியைக் குறுக்கே இழுத்து, நாம் கமகம் என்போமே அவ்வாறு வளைத்தபோது, சுரத்தோடு ஒரு விந்தையான வழுக்கல் ஓசையும் கலந்து வந்தது. காந்தத்தின் வடமுனையும் தென்முனையும் அமைந்த முறையால் நேர்ந்த குறை அது. பலநாள் உழைப்பைக் கழற்றி வைத்துவிட்டு, பர்ன்ஸ் கம்பெனியின் பிக்கப் மூன்றை விலைக்கு வாங்கிப் பொருத்தினார். வாங்கியவற்றையும் சும்மா விடவில்லை. உட்பகுதி அதிர்ந்து கீச்சிடாதிருக்க அரால்டைட் பசையை ஊற்றி நிரப்பினார். ஒவ்வொரு பிக்கப்புக்கும் இரண்டு விசை: ஒன்று அதைச் சேர்க்கவும் விலக்கவும், மற்றொன்று அதன் மின்னோட்டத்தைத் திருப்பிப் போடவும். இரண்டு சுருள்கள் எதிரெதிராக இயங்கினால் சில ஒலிகள் ஒன்றையொன்று அழித்துக்கொள்கின்றன. மிச்சம் நிற்பது மூக்கொலி போன்ற கூர்மையான நாதம். ஒரே கருவியில் பல குரல்கள் வந்தது இவ்வாறுதான்.

இதுவரை கேட்டவர்கள், அன்பான தந்தை, அருமையான பிள்ளை என்று மகிழ்ந்திருப்பீர்கள். கதையின் கடினமான பகுதி இனித்தான்.

பையன் படிப்பில் சோடை போகவில்லை. லண்டன் இம்பீரியல் கல்லூரியில் இயற்பியல் பட்டம் பெற்று, சூரிய மண்டலத்துத் தூசியைப் பற்றி முனைவர் ஆய்வும் தொடங்கினார். இதற்கிடையே 1970-இல் ‘குவீன்’ என்னும் இசைக்குழு உருவாயிற்று. அதில் பாடியவர் ஃபிரெடி மெர்க்குரி; இயற்பெயர் ஃபரோக் புல்சாரா. சான்சிபாரில் பிறந்த பார்சி. பள்ளியில் படித்ததோ, புனேயில் வாழும் நாம் கோடையில் குழந்தைகளை அழைத்துச் செல்லும் அதே பாஞ்ச்கனியில்! செயின்ட் பீட்டர்ஸ் பள்ளி அது. 1974-இல் ஆய்வைப் பாதியில் விட்டுவிட்டுப் பிரையன் முழுநேரமும் இசைக்குச் சென்றார். தந்தையாரின் உள்ளம் உடைந்தது. தாம் இரண்டு ஆண்டு அருகமர்ந்து செய்து கொடுத்த கருவியே மகனைப் படிப்பிலிருந்து பிரித்துச் சென்றதைக் கண்டார். அந்த அறையைத் திறந்துவிட்டவர் அவரே அல்லவா?

இவ்விடத்தில் நாம் நெடுநேரம் நின்றுவிட்டோம். ஏனெனில் செயற்குழுவில் நாம் அஞ்சியதும் இதுவே. அச்சம் பொய்யென்று சொல்ல வரவில்லை. அது அந்த வீட்டில் மெய்யாகவே நடந்தது. பின்னர் நியூயார்க்கின் மேடிசன் ஸ்கொயர் கார்டன் அரங்கில் குழு வாசித்தபோது பிரையன் பெற்றோரை அங்கே வரவழைத்தார். நிகழ்ச்சியைப் பார்த்த பிறகு தமக்கு இப்போது புரிகிறதென்று தந்தையார் சொன்னாராம். 1988-இல் அவர் காலமானார். மகன் விட்ட ஆய்வை முப்பதாண்டுக்கு மேல் கழித்து மீண்டும் எடுத்து, 2007-இல் முடித்து முனைவரானார். தந்தையார் அதைப் பார்க்க இல்லை. 2002 ஜூன் 3 அன்று பக்கிங்ஹாம் அரண்மனைக் கூரையின் மேல் நின்று இங்கிலாந்தின் நாட்டுப்பண்ணைப் பிரையன் வாசித்தார். கையிலிருந்தது அதே கணப்பு மரம்.

நம் வீட்டுச் செய்தி ஒன்றையும் சொல்லிவிடுகிறோம். 1991-இல் நம் மூத்த மகன் ஒரு கிதார் கேட்டான். பன்னிரண்டாம் வகுப்பு முடியட்டும் என்றோம். முடிந்தது, நல்ல மதிப்பெண். பிறகு அவன் கேட்கவில்லை. இப்போது வேறோர் ஊரில் நல்ல வேலையில் இருக்கிறான். தொலைபேசியில் பேசும்போது உடல்நலம் விசாரித்து முடித்தபின் இருவருக்கும் பேச்சு அதிகம் எழுவதில்லை. ஹெரால்டு மேக்கு மகனோடு வருத்தம் இருந்தது. ஆயினும் அதற்குமுன் இரண்டு ஆண்டு ஒரே மேசையில் அரமும் உளியுமாக அமர்ந்த நாட்கள் இருந்தன.

கிதார் நம்முடையதன்று என்ற மறுப்புக்கு நீண்ட விடை வேண்டாம். வயலினை நாம் எடுத்துக்கொண்டோம். மாண்டலின் ஸ்ரீநிவாஸ் ஐந்து ஒற்றைத் தந்திகள் பூட்டிய மின்சார மாண்டலினில் கல்யாணியையும் தோடியையும் வாசித்தபோது நாம் எல்லோரும் முன்வரிசைக்கு முண்டியடித்தோமே!

ஆகவே செயற்குழுவின் அடுத்த கூட்டத்தில் நம் மறுப்பைத் திரும்பப் பெறுகிறோம். சில நிபந்தனைகள் உண்டு: இரவு எட்டு மணிக்கு மேல் ரம்ப ஓசை கூடாது, பசை ஊற்றும்போது சாளரங்கள் திறந்திருக்க வேண்டும், கொலுப்படிகளில் யாரும் கை வைக்கக்கூடாது. ஓய்வுபெற்ற டர்னர் நண்பர் ஒருவர் தம் சிறு கடைசல் இயந்திரத்தைத் தருவதாக நேற்றுச் சொன்னார்.

மரத்துக்கு எங்கே போவது என்று பிள்ளைகள் கேட்டிருந்தார்கள். மன்றத்தின் வாயிற்கதவை மாற்றியபோது கழற்றிய பழைய தேக்குக் கதவு அவ்வறைச் சுவரில்தான் சாய்ந்து கிடக்கிறது. நேற்று மாலை போய் அளந்து பார்த்தோம். மேற்சட்டம் மூன்றடி இரண்டங்குலம். கழுத்துக்குத் தாராளமாய்ப் போதும். ஒரு மூலையில் மட்டும் புழு துளைத்திருக்கிறது. ஞாயிறு காலை ஒன்பது மணிக்குச் சாவி நம்மிடம் இருக்கும். வரும்போது தீப்பெட்டி ஒன்றும் கொண்டு வருகிறோம்.